மலைப் பண்ணையில் ஒரு மண் அடுப்பு

என் தம்பியோடு நான் மூன்று வருஷம் பேசவில்லை. பேசாமல் இருப்பது பெரிய காரியமில்லை, எங்கள் பக்கத்தில் எத்தனையோ அண்ணன் தம்பிகள் அதைச் சிரமமில்லாமல் செய்துவருகிறார்கள். நாங்கள் ஒரே சூளையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அதுதான் எங்கள் சாதனை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அப்பா விட்டுப்போன ஷெட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். சூளையை அப்படி வெட்ட முடியாது. அதனால் ஒரு வாரம் என் பொம்மைகள் வேகும், மறுவாரம் மின்பெட்டிக்குப் போடுகிற அவனுடைய பீங்கான் பியூஸ் கேரியர்கள் வேகும். எந்தக் கிழமை ஏற்றுவது, எந்தக் கிழமை கதவைத் திறப்பது என்பதை மட்டும் ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதிவைப்போம். அவன் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

எங்கள் மனைவிமார் இந்தச் சட்டத்துக்கு உட்படவில்லை. குழம்புக் கிண்ணம் சுவருக்கு மேலாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருந்தது. தம்பி வீட்டு மீன் குழம்பை மூன்று வருஷமும் நான் சாப்பிட்டேன். யார் வைத்தது என்று கேட்டதில்லை. கேட்டால் கோபப்படவேண்டியிருக்கும்.

பேட்டையின் சிறு முதலாளிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சங்கம் என்றால் பன்னிரண்டு பேர், ஒரு மேசை. ஊறுகாய் ஜாடி செய்பவர் ஒருவர் அதற்குச் செயலாளர். போன மார்கழிக்கு முன்னால் அவர் ஒரு விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு எல்லாரும் இரண்டு நாள் ஒரு 'ராஞ்சு'க்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டார். ராஞ்சு என்றால் என்ன என்று கேட்டதற்கு, குதிரை இருக்கும், மாடு இருக்கும், மலை இருக்கும், போன் மட்டும் எடுக்காது என்றார். கல்வராயன் மலையில், பஸ் போகிற கடைசி ஊரையும் தாண்டி எங்கேயோ இருந்தது. போன் எடுக்காது என்பதைத்தான் அவர் பெரிய வசதியாகச் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். அந்த மனுஷன் போன் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போகமாட்டார்.

தம்பி வருகிறானா என்று நான் கேட்கவில்லை. நான் வருகிறேனா என்று அவனும் கேட்டிருக்கமாட்டான். சனிக்கிழமை காலை ரயில்வே ஜங்ஷன் எதிரில் மினி பஸ் வந்து நின்றபோது, முன்பக்க வாசலில் நானும் பின்பக்க வாசலில் அவனுமாக ஏறினோம். மொத்தம் இருபத்தாறு பேர். செயலாளர் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு பயணத்துக்காக ஒரு ஜெபம் சொன்னார். எங்களில் பாதிப்பேர் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள், மீதிப்பேர் ஜன்னல் வழியாக எங்கள் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது.

வேப்பூர் தாண்டுவதற்குள் என் மனைவி காதோரமாக விஷயத்தைச் சொன்னாள். தம்பிக்கு குஜராத்தில் மோர்பியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளை மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை ரயில். இப்போதைக்கு அவன் மட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் குடும்பமும் போகும். ஷெட்டில் அவன் பாதியைப் பூட்டிவிட்டுப் போகிறானாம்.

“ரெண்டு நாளு இருக்குது. அப்பறம் நீங்க பேசணும்னு நெனச்சாலும் சொவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்காது,” என்றாள்.

போகட்டும் என்றேன். சொன்ன வேகத்தில் கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை நசுக்கிவிட்டேன். சட்னி வேட்டியில் கொட்டியது. அவள் துண்டால் துடைத்துவிட்டாள்.

பேச்சு நின்ற கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிப்பீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் எனக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எல்லாம் குதிரை பொம்மை. வழக்கமாகப் பொம்மையை வார்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒருமுறை சுட்டு, பிறகு கிளேஸ் பூசி மறுமுறை சுடுவோம். கிளேஸ் என்றால் மேலே பளபளவென்று கண்ணாடி மாதிரி உருகி நிற்கிற பூச்சு. அந்த மழையில் ஒன்றும் காயவில்லை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் காயாத பச்சைப் பொம்மையிலேயே கிளேஸைப் பூசி, ஒரே தடவை சுட்டு முடித்துவிடலாம் என்று ஏற்றிவிட்டேன். சூளையை ஆறவிட்டு வெள்ளிக்கிழமை திறக்கிற பொறுப்பு தம்பிக்கு. அவன் திறந்தான். நான் வந்து பார்த்தபோது உள்ளே ஒரு குதிரைக்கும் நாலு கால் இல்லை.

ஆறும் முன்னால் கதவைத் திறந்து குளிர்காற்றை விட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நான் யோசிக்கவே இல்லை. சுற்றிலும் பேட்டை ஆட்கள் முப்பது பேர் நிற்க, அவனைப் பார்த்து, நீ சூட்டிலேயே திறந்துவிட்டாய், நீ கைவைத்துத் திறந்தது எதுவும் உருப்படாது என்று கத்தினேன். அவன் கையுறையைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் உடைந்த துண்டுகளைக் கூடையில் அள்ளும்போதுதான் ஓரங்களைப் பார்த்தேன். ஆறும்போது உடைந்த பீங்கானின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கையை அறுக்கும். சூடு ஏறும்போதே உடைந்திருந்தால், அதற்கப்புறம் உருகுகிற கிளேஸ் அந்த ஓரத்திலும் வழிந்து மழுங்கிவிடும். என் குதிரைக் கால்களின் ஓரமெல்லாம் மழமழவென்று இருந்தது. கதவு திறப்பதற்கு ஒன்றரை நாள் முன்பே, உள்ளே நெருப்பிலேயே, நான் ஏற்றிய ஈரம் அவற்றை உடைத்திருந்தது. தம்பி திறந்தது சரியான நேரத்தில்தான்.

நான்கு கூடை துண்டுகளையும் பேட்டைக் குப்பை மேட்டில் கொட்டிவிட்டு வந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், வருஷத்துக்கு ஒருமுறை ஈஸ்டருக்கு முன்னால். ஒவ்வொரு முறையும் தம்பியிடம் போய்ச் சொல்லும்படி அவர் சொல்வார், கூடவே பரிகாரமாகப் பத்து 'அருள்நிறைந்த மரியே' ஜெபம். நான் மரியேயை மட்டும் சுருக்கமில்லாமல் சொல்லி முடித்துவிடுவேன்.

பண்ணைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. பண்ணைக்காரர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தவர். தலையில் அகலமான தொப்பி, காலில் முழங்கால்வரை பூட்ஸ். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு ஓலைத் தொப்பி கொடுத்து வரவேற்றார். தேநீர் வந்தது. இருபத்தாறு பேரும் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியில் யார் முத்திரை இருக்கிறது என்று பார்த்தோம். எங்கே போனாலும் எங்களுக்கு அந்தப் பழக்கம் விடாது. பண்ணைக்காரர் பயந்துபோய், கோப்பை சுத்தமாகத்தான் கழுவியிருக்கிறோம் என்றார்.

நாலு குதிரைகள் நின்றன. நான் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் குதிரை செய்தவன், எல்லாம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பவை. அவற்றில் ஒன்றும் இப்படி என் கண்ணெதிரே வாலைத் தூக்கிச் சாணி போட்டதில்லை. நிஜக் குதிரைக்குக் கழுத்து கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

சுவரில் ஒரு நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. மூன்று மணிக்கு 'மண்ணைத் தொடுவோம்'. களிமண்ணைப் பிசைந்து ஆளுக்கொரு கிண்ணம் செய்யலாமாம், மனசு லேசாகுமாம். பதினைந்து வயதிலிருந்து அச்சில் மண் ஊற்றுகிற எங்கள் பெண்களுக்குப் பண்ணைக்காரர் ஆளுக்கொரு ஏப்ரன் கொடுத்தார். ஓவர்டைம் உண்டா என்று ஒரு அம்மா கேட்டதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் முப்பது கிண்ணம் வரிசையாக நின்றன, எல்லாம் ஒரே அளவு. அவர் போய் நிகழ்ச்சி நிரலில் அடுத்தது என்ன என்று பார்த்தார்.

அறை ஒதுக்கியது செயலாளர். ஆண்களுக்கெல்லாம் அடுக்குக் கட்டில். என் கட்டிலுக்கு மேல் கட்டில் தம்பிக்கு. அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, அகர வரிசைப்படி வந்துவிட்டது என்றார். என் பெயருக்கும் அவன் பெயருக்கும் நடுவில் எத்தனை எழுத்து என்று எனக்குத் தெரியும்.

நான் அறையிலிருந்து வெளியே வந்து சமையலறைப் பின்பக்கம் போனேன். அங்கேதான் அந்த அடுப்பு இருந்தது. இடுப்பளவு உயரம், கவிழ்த்த கூடை மாதிரி மண் கூரை, முன்னால் ஒரு வாய். போன வாரம் பண்ணைக்காரரே வீடியோ பார்த்துக் கட்டியதாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில்தான் எங்களுக்கு விருந்து: மசாலா தடவிய முழுக்கோழிகளை மண்சட்டியில் வைத்து, அடுப்பைச் சூடேற்றிக் கங்குகளை வாரிவிட்டு, சட்டிகளை உள்ளே தள்ளி வாயை அடைத்துவிடுவார்களாம். அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். இப்போது ஒருமுறை எரித்துப் பார்க்கலாம் என்று அவர் வாய் நிறைய விறகை அடுக்கி, கையில் தீப்பெட்டியோடு நின்றார்.

எனக்கு ஈரமண் வாடை அடித்தது. போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. தட்டினேன், மொத்தென்றது. அந்தப் பக்கமிருந்தும் மொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தம்பி. அவனும் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு பேரும் குனிந்து, அடுக்கிய விறகையெல்லாம் உருவி வெளியே போட்டோம். பண்ணைக்காரர் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த ஈரத்தில் பெருநெருப்பு வைத்தால் கூரை பிளந்து கொட்டிவிடும் என்று நான் பண்ணைக்காரரிடம் சொன்னேன். அதையே தம்பி சமையல்காரரிடம் சொன்னான். அவர் மலைக்காரர், இரண்டையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அதிலிருந்து சாயந்திரம்வரை அடுப்பைக் காயவைக்கிற வேலை எங்கள் தலையில். முதலில் மூன்று சுள்ளி. கொஞ்ச நேரம் கழித்து ஐந்து. சுவர் வியர்க்கும், துடைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால், அவரைச் சுள்ளி போடச் சொல்லுங்கள் என்று பண்ணைக்காரரிடம் சொல்வேன். பண்ணைக்காரர் இரண்டடி நடந்து அவனிடம் சொல்வார். நாலாவது தடவை அவர் என்னைப் பார்த்து, அவருக்குக் காது கேட்காதா என்று மெல்லக் கேட்டார்.

மற்றவர்களெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் மனைவிகூட ஏறினாள், இறங்க மறுத்தாள் என்று கேள்வி. நான் பார்க்கவில்லை. அடுப்பு வாயையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒருமுறை திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். எந்தச் சுள்ளி வேண்டுமென்று எனக்குத் தெரிந்தது, வைத்தேன். அப்பா காலத்தில் நாங்கள் அப்படித்தான் வேலை செய்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எரிச்சலாகவும் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில், மோர்பியைப் பற்றிக் கேட்டுவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். 

“காத்து மாறுது,” என்றேன், எதிரிலிருந்த பலா மரத்தைப் பார்த்து.

அவன் ஒரு செங்கல்லை நகர்த்திக் காற்றை மறைத்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அதுவும் மரத்தோடு பேசியதாகக் கணக்கு காட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு வழியில்லாததால் செயலாளர் புல்வெளியில் ஜெபமாலை சொல்லவைத்தார். 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்கிற இடம் வந்தபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. என் மனைவியும் தம்பி மனைவியும் ஒரே சமயத்தில் தொண்டையைச் செருமினார்கள். இந்த ஊரே சேர்ந்து எனக்குப் பொறி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அடுப்புக்குப் போய்விட்டேன்.

காய்ந்த அடுப்பு இப்போது தட்டினால் ணங்கென்றது. விறகை ஏற்றினோம். கூரை உட்புறம் முதலில் கரிபிடித்துக் கறுத்து, பிறகு சூடு ஏற ஏறக் கரியெல்லாம் எரிந்து வெளுத்தது. அதுதான் பதம். கங்கை வாரினோம், சமையல்காரர் ஆறு சட்டிகளை உள்ளே தள்ளினார். வாயைப் பலகையால் மூடி, ஓரத்தில் ஈரத்துணியைச் செருகினால் போதும் என்றார் அவர். துணியா என்றேன் நான். துணியா என்றான் தம்பி. அவருக்குப் பதில் சொல்லாமலே இரண்டு பேரும் மண்ணைக் குழைத்தோம். பலகையைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பூசி, ஊசி நுழைய இடமில்லாமல் தடவி அடைத்தோம். நாலு கையும் ஒரே கதவில் வேலை செய்தன. எங்கள் ஆட்கள் சுற்றி நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். செயலாளர் வந்து, சூளைக் கதவுக்குப் போடுகிற மாதிரி, ஈரமண்ணில் விரலால் ஒரு சிலுவைக்குறி போட்டார். அதற்குள் இருப்பது மதியச் சாப்பாடு என்பது அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தட்டு வந்தது, வெங்காயம் நறுக்கியாயிற்று, பிள்ளைகள் பசி பசி என்று சுற்றிவந்தார்கள். சமையல்காரர் ஒரு இரும்புக் கம்பியோடு வந்து மண்ணை உடைக்கக் கையை ஓங்கினார். தம்பி குறுக்கே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கம்பியை வாங்கித் தரையில் ஊன்றிக்கொண்டு, அடுப்பு வாய்க்கு முன்னால் நின்றுவிட்டான்.

“எங்கண்ணன் சொல்லட்டும். நான் கைவச்சித் தொறந்தது எதுவும் உருப்படாதுன்னு அவருதான் சொல்லியிருக்குறாரு,” என்றான்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இருபத்தாறு பேருக்கும் கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்தச் சமயத்திலும் எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களாகவே இருந்தார்கள். ஒருவர், புது மண் ஆயிற்றே, திடீரென்று திறந்தால் கூரையில் விரிசல் விழாதா என்று ஆரம்பித்தார். இன்னொருவர், முதலில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கால் மணி நேரம் பொறுக்கலாம் என்றார். ஆறு மணி நேரமாவது ஆறவேண்டும் என்று மூன்றாவது ஆள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமான அக்கறையோடு வாதாடினார்கள். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, உள்ளே இருப்பது கோழிதானே சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதைவிட உதவியாக எதுவும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

திற என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவன் கேட்பது அந்த வார்த்தையை இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் போயிற்று. அடைத்த மண்ணின் ஒரு மூலையிலிருந்து கருகல் வாடை வர ஆரம்பித்தது. அப்படியும் அவன் நகரவில்லை. அவன் முகத்தில் பிடிவாதம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. நாளை இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். மூன்று வருஷம் அவன் என் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வாக்கியத்துக்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறான், நான் சாக்பீஸில் கிழமை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நான் கிட்டே போனேன்.

“தொறடா,” என்றேன்.

அவன் அசையவில்லை. “அன்னைக்கி எல்லாரு முன்னாடியுந்தான சொன்ன,” என்றான்.

நான் திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்து நின்றேன்.  தலையில் அந்த ஓலைத் தொப்பி வேறு இருந்தது, கழற்றக்கூடத் தோன்றவில்லை.

“அந்தக் குதிர லோடு இவனால போவல. நான்தான் ஈரத்தோட ஏத்துனேன். மறுநாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. தப்பு என்னுது,” என்றேன்.

யாராவது ஏதாவது சொல்வார்கள், குறைந்தது திடுக்கிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் முகத்திலும் மாற்றம் இல்லை. செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஓவர்டைம் கேட்ட அம்மா, கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் ரகசியத்தை நான்கு கூடையில் அள்ளிக்கொண்டுபோய்ப் பொதுக் குப்பை மேட்டில் கொட்டியிருக்கிறேன், அதுவும் பீங்கான் பேட்டையில். அங்கே போகிறவர் வருகிறவர் யாரும் உடைந்த துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்க்காமல் போகமாட்டார்கள். மூன்று வருஷமாக மொத்தப் பேட்டைக்கும் தெரிந்திருக்கிறது. டீக்கடையில் என்னோடு உட்கார்ந்து, உன் தம்பி அப்படிச் செய்திருக்கக்கூடாதுதான் என்று தலையாட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

தம்பி திரும்பிக் கம்பியால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினான். பலகை கழன்று விழுந்தது, சூடு முகத்தில் அடித்தது. புதுக் கூரையில் ஒரு விரிசலும் விழவில்லை. ஆறு கோழிகளில் ஓரமாக இருந்த இரண்டு கரியாகியிருந்தன, மற்றவை ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தன. எல்லாரும் திடீரென்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள், கருகலில் தனி ருசி இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். பண்ணைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

சட்டிகளை இழுத்துப் போடும்போது நானும் தம்பியும் மட்டும் அடுப்படியில் இருந்தோம். அவன் கைவேலையை நிறுத்தாமல் பேசினான்.

“ஓரமெல்லாம் மழுங்கியிருந்துது. நான் அன்னைக்கி சாயந்தரமே குனிஞ்சி எடுத்துப் பாத்துட்டேன்.”

“அப்பறம் ஏன்டா சொல்லல?”

“நீ சொல்லுவன்னு பாத்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே புகையும் இல்லை. போகாதே என்றேன். சூளை முழுதையும் நீயே பார்த்துக்கொள், என் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொள், போகமட்டும் செய்யாதே என்று என்னென்னவோ உளறினேன். அவன் கேட்டுக்கொண்டே கடைசிச் சட்டியையும் இழுத்துவைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

“நாளைக்கிப் போறேண்ணே. ஒத்துக்கிட்டாச்சு, போவாம இருக்க முடியாது,” என்றான். “நேத்து வரைக்கும் கோவத்துல போறதா இருந்துது. இப்ப சும்மா வேலைக்குப் போறேன்.”

பிறகு கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு காலைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பரிமாறப் போனான்.